கைப்பிடியில் இறங்கும் எடை

சிங்காரப்பேட்டை தாண்டியாயிற்று, வண்டியை ஓட்டுகிற என் மனைவி பூங்காவனம் இன்னும் பிடியைத் தளர்த்தவில்லை. ஊத்தங்கரையில் டீக்கு நிறுத்தியபோது தம்ளரை இடது கையில் வாங்கினாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும், "பனிங்க, விறைச்சுப்போச்சு" என்றாள். பனி இல்லை. பனி விரல் நுனியில் இருக்கும், வாயால் ஊதினால் போய்விடும். இது சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் ஆரம்பித்து உள்ளங்கை ஓரமாக ஏறி முழங்கைக்குப் போகிற எரிச்சல், முதலில் எறும்பு ஊரும், அப்புறம் எரியும், அப்புறம் ஒன்றும் இருக்காது, யாருடைய கையையோ கொண்டுவந்து நம் தோளில் மாட்டிவிட்டதுபோல. எனக்குத் தெரியும். விதைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம். காலையில் அரூரிலிருந்து கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நூற்றைம்பது கிலோமீட்டர், தக்காளிக் காடு, சோளக் காடு, கத்தரிக் காடு, திரும்ப வீடு. முதல் இரண்டு வருஷம் சாப்பாட்டைப் பிசைய முடியாமல் ஸ்பூன் வைத்துத் தின்றிருக்கிறேன். அப்புறம்தான் உடம்பு கற்றுக்கொண்டது, கை வண்டியைத் திருப்புவதற்கு மட்டும்தான், ஆளைத் தாங்குவதற்கு இல்லை. ஆளை இடுப்பு தாங்க வேண்டும். முட்டி இரண்டும் டேங்கை அணைத்துக்கொள்ள வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு கையோடு ஒரே நேராக ஓட வேண்டும், மேலேயும் மடியாமல் கீழேயும் மடியாமல். விரல்களை நடுநடுவே பிரித்து மூட வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவையும் ஒரு வார்த்தையில் சொல்லலாம், அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது, த-வில் ஆரம்பிக்கிற வார்த்தை, நான் அதன் பக்கத்தில் நிற்கிறேன், த, கையை இறுக்காதே என்று அர்த்தம் வருகிற, த, த, வாயைத் திறக்கிறேன். "தக்காளி" என்கிறேன். காற்றில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னாங்க? ஒண்ணுக்கு வருதா? நிறுத்தட்டா?" இல்லை என்று தலையாட்டினேன், என் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் இடித்தது. "சரி சரி, புடிச்சுக்குங்க, சாஞ்சுக்குங்க" என்றாள். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. முழங்கைகள் கம்பிபோல் நீட்டிக்கொண்டு நின்றன.

வார்த்தை எல்லாம் உள்ளேதான் இருக்கு சார், எடுக்கப் போற ஆள் தப்பான ரூமுக்குள்ள போயிடறார், என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னது. நல்ல பெண். என்னுடைய ஆள் எப்போதும் விதைக் கிடங்குக்குள்தான் போகிறான். தண்ணீர் கேட்டால் நாற்று என்கிறான், வினோதினியைக் கூப்பிட்டால் சோளம் என்கிறான். வினோ அதற்குச் சிரிப்பாள், ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போதே "அப்பா, சோளம் பேசறேன்" என்பாள். பத்து மாதமாக வேலூரில் போலீஸ் பயிற்சி. இன்றைக்கு ஒன்பதரைக்கு அணிவகுப்பு, முடிந்ததும் அவள் கான்ஸ்டபிள். என்னை அவள் நேரில் பார்த்து நாலு மாதம். ஒன்பதரைக்குள் போக வேண்டும், போய் உட்கார வேண்டும், வரிசையில் எந்தத் தொப்பிக்குக் கீழே என் பெண் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதனால்தான் பூங்காவனம் நிறுத்த மாட்டேன் என்கிறாள், இருட்டு பிரியும்போதே கிளம்பினோம், பட்டுப்புடவை பையில் இருக்கிறது, அங்கே போய் மாற்றிக்கொள்வாளாம். பஸ்ஸில் போகலாம் என்று அவள் அண்ணன் சொன்னான். பஸ் வேண்டாம். ஐப்பசி கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் படியில் ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது, நான் விழவில்லை, அவள்மேல் விழுந்தேன், அவள் கீழே, ரோட்டில், என் எண்பத்திரண்டு கிலோவும் அவள்மேல். எழுந்ததும் என் சட்டையில்தான் மண் தட்டினாள். அதற்கப்புறம் பஸ் என்றாலே தலையாட்டி மறுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து வயதில். சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் கெண்டைக்காலில் இருக்கிறது. மார்கழி பிறப்பதற்குள் என்னைப் பின்னால் உட்காரவைத்து அரூர் சந்தையைச் சுற்றி வந்துவிட்டாள். என் வலது கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொள்வாள். கை அங்கே இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கிறது. ஐந்து விரல். நகம் வெட்டியிருக்கிறாள்.

அன்றைக்கும் அந்தக் கைதான். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு சோளக் காட்டில் இலையைத் திருப்பிப் புழு பார்த்துக்கொண்டிருந்தேன், இலை கீழே விழுந்தது, குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. வண்டி ஓட்டி மரத்துப்போச்சு என்று நினைத்தேன். கையை உதறினேன். உதறினேன் என்று நினைத்தேன், அது அசையவேயில்லை. காட்டுக்காரர் ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் முகம் மாறிய விதத்தில்தான் நான் சொன்னது பதில் இல்லை என்று தெரிந்தது. பக்கவாதம் வந்து பதினாலு மாதம். இப்போது அவள் கை மரத்துப்போகிறது. மரத்துப்போவது வேறு, செத்துப்போவது வேறு, ஆனால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் ஆரம்பிக்கும். அப்படி நினைக்கக் கூடாது. அது அந்த வியாதி இல்லை, அவளுக்கு வராது, ஏன் வராது, அப்படிச் சொல்ல நான் யார். திருப்பத்தூர் வந்துவிட்டது. வேகத்தடை. ஒவ்வொரு தடையிலும் நான் முன்னால் சரிகிறேன், அவள் முதுகு என்னைத் தாங்கிக்கொள்கிறது, கியர் மாற்றுகிறாள், இடது கை கிளட்சைக் கவ்வும்போது விரல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, தயங்கித் தயங்கி. வலது கை பிரேக்குக்குப் போகவேயில்லை, காலாலேயே சமாளிக்கிறாள். இது தப்பு. முன் பிரேக் பிடிக்க விரல் நீளவில்லை, அதை மறைக்கிறாள், யாரிடம் மறைக்கிறாள், பின்னால் உட்கார்ந்திருப்பவன் இந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் அறிந்தவன். லிவர் இரண்டும் என் உயரத்துக்கு முடுக்கியவை. நான் ஆறடி, எனக்குக் கை மேலிருந்து சரிந்து வரும், அதனால் தாழ்த்தி வைத்திருந்தேன். அவள் ஐந்தடி. அவளுக்குக் கை நேராகப் போகிறது, லிவருக்காக மணிக்கட்டை உடைத்துக் கீழே வளைக்கிறாள், அறுபது கிலோமீட்டராக வளைத்தபடியே வருகிறாள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஸ்பேனர் பக்க மூடிக்குள் இருக்கிறது. ஒரு மாதமாக அவள் இதை ஓட்டுகிறாள், எனக்கு ஏன் தோன்றவில்லை. தோன்றியது. தோன்றியதைச் சொல்ல முடியவில்லை. இல்லை, அதுவும் உண்மையில்லை, தோன்றவில்லை. என் வண்டியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேனே தவிர, அது அவள் வண்டியாகிவிட்டது என்று நினைக்கவில்லை.

கல்யாணமான புதிதில், இல்லை, வினோவுக்கு ஒரு வயது இருக்கும், இதே திருப்பத்தூர் ரோட்டில் இவள் அக்கா வீட்டுக்கு வந்தோம். மடியில் குழந்தை, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பின்கம்பி. "கொஞ்சம் நிறுத்துங்க, கை எரியுது" என்றாள். இன்னும் பத்து கிலோமீட்டர்தான் என்றேன். மறுபடியும் கேட்டாள். நான் சொன்னேன், நான் சொன்னதை நான் மறக்கவில்லை, "ஓட்டறவன் நான், நீ சும்மா உக்காந்துதான வர்ற". அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை, அந்த ரோட்டில் மட்டும் இல்லை, எந்த ரோட்டிலும். வீடு போய்ச் சேர்ந்ததும் குழந்தையை அக்கா வாங்கிக்கொண்டாள், இவள் கை அப்படியே மடங்கின நிலையில் நின்றது. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சும்மா உட்கார்ந்து வருவது. இப்போது எனக்குத் தெரிகிறது, சும்மா உட்கார்ந்து வருகிறவனுக்கு ரோடு தெரியாது, பள்ளம் எப்போது வரும் என்று தெரியாது, ஓட்டுகிறவரின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தோள்தான் ரோடு. அவள் தோள் இப்போது சட்டென்று இறுகியது. வாணியம்பாடி, ஹைவேயில் ஏறப் போகிற திருப்பத்துக்கு முன்னால், ஷேர் ஆட்டோ ஒன்று ஆளைப் பார்த்து நடுரோட்டில் நின்றுவிட்டது. பிரேக். அவள் வலது கை போகிறது, விரல் நீள்கிறது, மூடவில்லை. மூடவில்லை. நான் பார்க்கிறேன், நாலு விரலும் லிவர்மேல் கிடக்கின்றன, எண்ணெய்த் துணி காயப்போட்டதுபோல, மூடவில்லை, என் எடை முழுவதும் அவள் முதுகில், "பூ" என்று என் வாய், அதற்குமேல் வரவில்லை, அவள் காலை அழுத்தினாள், பின்சக்கரம் வழுக்கியது, சரளைக்கல் சத்தம், ஆட்டோவின் பின்னால் எழுதியிருந்த எழுத்து பெரிதாகிப் பெரிதாகி, நின்றது. ஒரு சாண். ஆட்டோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு ரிப்பனைச் சரிசெய்துகொண்டது. ஆட்டோ போய்விட்டது. அவள் உட்கார்ந்தபடியே வண்டியைக் காலால் தள்ளித் தள்ளி ஓரமாகக் கொண்டுவந்தாள், புளியமரத்தடி, இளநீர் விற்கிற அம்மாள் ஒருத்தி அரிவாளோடு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டை அவிழ்க்க அவளால் முடியவில்லை. முடிச்சில் விரல் நிற்கவில்லை. நான் இடது கையால் அவிழ்த்தேன், பதினாலு மாதத்தில் அவளுக்காக என் கை செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். "ஏம்மா, அவருக்கு முடியலியா?" என்றாள் இளநீர்க்காரி. "அவரு நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் கை" என்றாள் இவள், சொல்லிவிட்டு உடனே அழுதாள். சத்தமில்லாமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். நான் என் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மறுபடியும் நீட்டினேன். கொடுத்தாள். உள்ளங்கையில் கைப்பிடியின் வரிகள் சிவப்பாகப் பதிந்திருந்தன, விரல் நுனி வெளுத்திருந்தது. சுண்டுவிரலைத் தொட்டு முகத்தைப் பார்த்தேன். "தெரியல" என்றாள். மோதிரவிரல். "தெரியல." நடுவிரல். "கொஞ்சம்." அப்புறம் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ரெண்டு மாசமாவே இப்படித்தாங்க. விடியக்காலம் எரிச்சல்ல முழிப்பு வந்துடுது. தம்ளர் உளுந்துச்சே, ஞாபகம் இருக்கா, பூனைன்னு சொன்னேன். பூனை இல்ல." ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும், "சோளம்" என்றேன். அவளுக்குப் புரிந்தது. "சொன்னா உங்களைத் தூக்கறதாலன்னு நெனைச்சுக்குவீங்க. அப்புறம் குளிக்க மாட்டேன், எந்திரிக்க மாட்டேன்னு படுத்துக்குவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?" தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை முறை, கட்டிலிலிருந்து ஒரு முறை, கக்கூஸிலிருந்து, நாற்காலியிலிருந்து, மறுபடி கட்டிலுக்கு, ஒவ்வொரு முறையும் அக்குளில் கையைக் கொடுத்து மணிக்கட்டால் நெம்பி. வண்டி ஒரு மாதம்தான். கை இரண்டு மாதம். நான் கணக்குப் போடத் தேவையில்லை. இளநீர்க்காரி ஒன்றும் கேட்காமல் ஒரு காயைச் சீவி அவள் இடது கையில் கொடுத்தாள். "எங்க போறீங்க?" "வேலூருக்கு. எம்பொண்ணு போலீசு. இன்னிக்கு பரேடு." "அப்ப போயித்தான ஆவணும்" என்றாள் அந்த அம்மாள்.

நான் வண்டியின் பக்க மூடியைத் தட்டினேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை, பஞ்சரா என்றாள், பெட்ரோலா என்றாள். அவள் மூடியைத் திறந்து ஸ்பேனர் பையை எடுத்துக்கொடுத்ததும் நானே பத்தாம் நம்பரைத் தேடி எடுத்தேன். இடது கையால் நட்டைத் தளர்த்துவது சுலபமில்லை, ஸ்பேனர் இரண்டு முறை நழுவி விழுந்தது, இரண்டு முறையும் அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள், நான் எடுக்கிறேன் என்று நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை. தளர்ந்தது. அவளை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். உட்கார்ந்தாள். கண்ணை மூடு என்று என் கண்ணை மூடிக் காட்டினேன், கையை நீட்டு, விரலை நீட்டு, அவள் விரல் இயல்பாக எங்கே போய் நிற்கிறதோ அந்த உயரத்துக்கு லிவரைத் தூக்கினேன், அவள் பிடித்துக்கொள்ள நான் முடுக்கினேன். இந்தப் பக்கம் பிரேக், அந்தப் பக்கம் கிளட்ச். "அட" என்றாள். "கைக்கு வந்துடுச்சுங்க." உண்மையாகவே நன்றாக இருந்தது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். முழங்கை மடங்கியிருந்தது, தோள் இறங்கியிருந்தது, மணிக்கட்டு கையோடு ஒரே கோடு, விரல்கள் பிடியின்மேல் சும்மா இருந்தன. நான் சொல்ல நினைத்த வார்த்தை அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "வாங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்றாள். இளநீர்க்காரி என் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டாள், வலது காலைத் தூக்கி மிதியில் வைத்தாள், துண்டையும் அவளே கட்டினாள். நான் சாய்ந்தேன். சாய்ந்ததும் பார்த்தேன். பூங்காவனத்தின் முழங்கைகள் நீண்டன. தோள் ஏறியது. மணிக்கட்டு மடிந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே, நான் சரிசெய்தது எல்லாம், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள். நான் முன்னால் தள்ளுகிறேன், அவள் கையை ஊன்றி என்னைப் பின்னால் தள்ளுகிறாள், அரூரிலிருந்து இவ்வளவு தூரமும் இதுதான் நடந்திருக்கிறது. லிவர் இல்லை. லிவர் கொஞ்சம். நான்தான். என் எண்பத்திரண்டு கிலோ அவள் முதுகு வழியாகத் தோளுக்குப் போய், தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து அந்த இரண்டு ரப்பர் பிடிக்கு.

ஹைவே ஏறியதும் இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைத் தேடினேன். கிடைத்தது. இழுத்து என்னை நிமிர்த்தினேன். முதுகின் வலது பாதி வரமாட்டேன் என்றது, இடது பாதி அதையும் சேர்த்து இழுக்க வேண்டும், துண்டு இறுகியது, விட்டது. அவள் முதுகுக்கும் என் மார்புக்கும் நடுவில் காற்று வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இடுப்பு மறுபடி முன்னால் சரியப் பார்த்தது. ஆம்பூர் பதினாலு என்று பலகை. ஆம்பூர்வரை. ஆம்பூர்வரை முடியாது, அந்தப் பாலம்வரை. பாலம் வந்தது, அடுத்த பாலம்வரை. மலை வலது பக்கமா இடது பக்கமா என்று பார்க்கக்கூடத் தலையைத் திருப்பவில்லை, திருப்பினால் சரிந்துவிடுவேன். மறுபடி வந்துவிடுமோ, இப்படி முக்கினால் தலைக்குள் நரம்பு மறுபடி, டாக்டர் முக்கக் கூடாது என்று சொன்னாரா, தூக்கக் கூடாது என்று சொன்னார், என்னை நானே தூக்குவது தூக்குவதில் சேர்த்தியா. சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிறது. இடது கை. எனக்கு மிச்சமிருக்கிற ஒரே கை. இல்லை, கம்பியை நான்தான் நெரிக்கிறேன், இருபத்திரண்டு வருஷம் தெரிந்ததை மறந்துவிட்டு நெரிக்கிறேன். விரலைப் பிரி. மூடு. கை ஆளைத் தாங்குவதற்கு இல்லை. தொடையால் சீட்டைப் பிடி, இடது தொடை போதும், இடுப்பில் உட்கார். கொஞ்சம் வந்தது. எறும்பு போகவில்லை, ஏறவும் இல்லை. ஆம்பூர் மேம்பாலத்தில் அவள் திடீரென்று வேகத்தைக் குறைத்து, பதறி, "என்னாங்க, இருக்கீங்களா? பின்னாடி ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். இடது கையை எடுக்க முடியாது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. தொண்டையைச் செருமினேன், பலமாக. "இருக்கீங்க" என்றாள், சிரித்தாள். பள்ளிகொண்டா பக்கம், லாரிகள் விலகி ரோடு காலியாக நீண்ட இடத்தில், அவள் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபடி மூடின. யாரும் சொல்லித்தரவில்லை. தோள் இறங்கியே இருந்தது. "லிவரைத் தூக்கினது எவ்ளோ வித்தியாசம் பாருங்க, இத மொதல்லயே பண்ணியிருக்கலாம்" என்றாள். லிவர் என்றே இருக்கட்டும். "வலிக்குதா? சாஞ்சுக்குங்க" என்றாள் கொஞ்சம் கழித்து. என் கண்ணில் தண்ணீர், காற்றினால்தான். சாயவில்லை.

ஒன்பது பத்துக்குப் பயிற்சிப் பள்ளி வாசலில் நின்றோம். உள்ளே பேண்டு வாத்தியத்தைச் சரிபார்க்கிற சத்தம், ஒரு டிரம் மட்டும் தனியாக. காவலுக்கு நின்ற பெண் போலீஸ், "வண்டிய அந்தப் பக்கம் விடுங்கம்மா, ஐயாவ இங்கயே எறக்கிக்குங்க" என்றாள். பூங்காவனம் ஸ்டாண்டு போட்டாள், முடிச்சை அவளே அவிழ்த்தாள், இறங்கி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் இப்படி வேர்த்திருக்கீங்க இந்தக் குளிர்ல? கட்டை மாதிரி இருக்கீங்க." என் முதுகு நான் நிமிர்த்திய வடிவத்திலேயே நின்றுபோயிருந்தது, கம்பியிலிருந்து விரலைப் பிரிக்க நேரம் பிடித்தது. "ரொம்ப தூரம், உடம்பு புடிச்சுக்கிச்சு" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். எப்போதும்போல என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துக் காலை அகட்டி நின்றாள், நெம்புவதற்கு மூச்சை இழுத்தாள். நான் இடது காலைத் தரையில் ஊன்றினேன். அவள் தூக்குவதற்கு முன்னால் எழுந்தேன்.